நுளம்பு வரைஞ்ச மேப்: இலங்கையில் மலேரியா இடம்மாறின கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு வறட்சியில ஆரம்பிக்குது.

1934. இலங்கைக்கு அப்போ பேர் சிலோன், ஆட்சி பிரிட்டிஷ்காரங்களுடையது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கிற பூமி. அங்கே எப்பவும் ஓடிட்டே இருக்கிற மகா ஓயா, தெதுறு ஓயா மாதிரி ஆறுகள் வத்தி, மணலுக்கும் பாறைக்கும் நடுவுல அங்கங்க குட்டை குட்டையா தண்ணி தேங்கி நின்னுது. வருஷக் கடைசியில ஊர் டிஸ்பென்சரி வாசல்கள்ல காய்ச்சல்காரங்க கூட்டம் கூட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் வந்த சில மாசத்துல சுமார் 15 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. இறந்தவங்க ஏறத்தாழ 80,000 பேர். நாட்டோட மொத்த மக்கள்தொகையே அப்போ அரைக் கோடிக்குக் கொஞ்சம் மேலதான்.

இந்த எண்ணை முதல்ல படிச்சப்போ எனக்கு உறைச்சது சாவு எண்ணிக்கை மட்டும் இல்லை. அது நடந்த இடம். மலேரியா நாடுன்னு அந்தத் தீவுல எல்லாரும் அதுவரைக்கும் சொல்லிட்டு இருந்தது வடக்கையும் கிழக்கையும். அனுராதபுரம், வன்னி, மன்னார், பொலன்னறுவை. செத்ததோ பெரும்பாலும் அதுக்கு வெளியே, தென்மேற்குப் பக்கத்து ஜனங்க. வழக்கமா மலேரியா இல்லாத ஊர்ல ஏன் இவ்வளவு பேர் செத்தாங்க? இன்னைக்கு பேசப்போறது இதைத்தான்.

முதல்ல தீவோட மழைக்கணக்கைப் பார்க்கணும். இலங்கைப் புவியியல் பாடப்புத்தகத்துல ஈர வலயம், உலர் வலயம், நடுவுல இடை வலயம்னு மூணா பிரிச்சிருப்பாங்க. கொழும்பு, களுத்துறை, காலி, இரத்தினபுரியெல்லாம் ஈர வலயம். வருஷத்துல ரெண்டு பருவமழையும் அங்க கொட்டும். மீதி, அதாவது தீவோட முக்கால்வாசிக்குப் பக்கம், உலர் வலயம். உலர்னா பாலைவனம்னு நினைச்சுக்காதீங்க. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நல்லாவே பெய்யும், அதுக்கப்புறம் மாசக்கணக்கா காயும். அதனாலதான் அங்க ஆயிரக்கணக்குல குளம் வெட்டி வெச்சிருக்காங்க.

இப்போ நம்ம வில்லன். அனாபிலிஸ் கூலிசிஃபேசீஸ். இலங்கைத் தமிழ்ல கொசுவுக்கு நுளம்புன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அதனால இனிமே நுளம்புதான். இந்த நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது, கலங்கின தண்ணி பிடிக்காது, வேகமா ஓடற தண்ணியும் ஆகாது. தெளிவான, வெயில் படற, அசையாத தண்ணியில முட்டை போடும். வத்தற ஆத்துக்கு நடுவுல இருக்கிற மணல் குட்டைதான் அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. உலர் வலயத்துல மழை பெய்ஞ்சா மலேரியா ஏறும், ஏன்னா மழைதான் அங்க தண்ணியைத் தேக்குது. ஈர வலயத்துலயும் இடை வலயத்துலயும் மழை பெய்ஞ்சா மலேரியா இறங்கும், ஏன்னா ஆறு பெருகி முட்டை, புழு எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடும். அங்க மழை நின்னாதான் ஆபத்து. டேட்டா பக்கம் வேலை செய்யறவங்களுக்குச் சொல்றேன்: ஒரே நாடு, ஒரே நுளம்பு, ஆனா மழைக்கும் நோய்க்கும் இருக்கிற கோரிலேஷன் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனா பிளஸ்ல இருந்து மைனஸ் ஆகுது. நாடு முழுக்க ஒரே சராசரி எடுத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். கிராஃப்ல சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

இப்போ 1934 புரியுதா? பருவமழை பொய்த்ததும் ஈரப் பக்கத்து ஆறுகள் மொத்தமும் சில வாரத்துல நுளம்புப் பண்ணையா மாறுது. உலர் வலயத்துக் குழந்தை பிறந்ததுல இருந்து திரும்பத் திரும்ப மலேரியா வாங்கி, சாகாம தப்பிச்சா, உடம்புல ஓரளவு எதிர்ப்பு சேர்ந்திருக்கும். அதுக்கு அது கொடுக்கிற விலை வீங்கிப்போன மண்ணீரல். அந்தக் காலத்து டாக்டர்கள் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை வரிசையா நிக்க வெச்சு வயித்தை அமுக்கிப் பார்ப்பாங்க. நூத்துக்கு எத்தனை பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்குங்கிறதுதான் அந்த ஊரோட மலேரியா அளவு. கேகாலைப் பிள்ளைகளுக்கு அந்த எதிர்ப்பு கிடையாது. மேல் சேர்த்து அது உலகப் பொருளாதார மந்தம் நடந்த காலம். ரப்பர், தேங்காய் விலையெல்லாம் விழுந்து, கூலி குறைஞ்சு, வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்த ஜனங்க. பஞ்சத்தோட சேர்ந்து வந்த காய்ச்சல் அது. செத்ததுல பெரும்பங்கு கைக்குழந்தைங்களும் சின்னப் பிள்ளைங்களும்.

அரசாங்கத்து மருந்து வண்டி எட்டாத கிராமங்களுக்கு கொய்னாவையும் சாப்பாட்டையும் தூக்கிட்டுப் போனவங்கள்ல ஒரு கூட்டம் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க. கொய்னாவோட மார்மைட்டை உருண்டை பிடிச்சுக் கொடுத்தாங்க, பருப்பு கொடுத்தாங்க. பெரேராவுக்கு ஜனங்க வெச்ச பேர் 'பருப்பு மாத்தயா', பருப்பு ஐயான்னு வெச்சுக்கலாம். 1935 டிசம்பர்ல இவங்க லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினாங்க. 1936 தேர்தல்ல பெரேரா ருவன்வெல்லவுலயும் பிலிப் அவிசாவெல்லவுலயும் ஜெயிச்சாங்க. ருவன்வெல்ல இருக்கிறது கேகாலை மாவட்டத்துல. சமசமாஜக் கட்சியோட இந்த வெற்றியை மேப்ல குறிச்சீங்கன்னா, அது காய்ச்சல் மேப் மேலயே போய் உக்காரும்.

சரி, உலர் வலயத்துக்கு வருவோம். ஒரு காலத்துல தீவோட மையமே அதுதான். அனுராதபுரம், பொலன்னறுவை ராஜ்ஜியங்கள், பெரிய பெரிய குளங்கள், கால்வாய்கள். 13ஆம் நூற்றாண்டுல அந்த நாகரிகம் சரிஞ்சு ஜனங்க தென்மேற்குப் பக்கம் நகர்ந்தாங்க. மலேரியாதான் காரணம்னு 1920கள்ல இருந்தே ஒரு வாதம் இருக்கு. படையெடுப்புல குளங்கள் உடைஞ்சு, பராமரிக்க ஆளில்லாம போன பிறகுதான் மலேரியா வந்து குடியேறிச்சுன்னு எதிர்வாதம். எனக்கு ரெண்டாவதுதான் பொருத்தமாப் படுது. பராமரிக்கிற குளத்தை விட உடைஞ்ச குளமும் தூர்ந்த வாய்க்காலும்தான் நுளம்புக்குத் தோது.

எப்படிப் பார்த்தாலும் 19ஆம் நூற்றாண்டுல அந்தப் பக்கம் பெரும்பாலும் காடு. தமிழ்நாட்டுல இருந்து தோட்ட வேலைக்குப் போனவங்க மன்னார் பக்கம் கரையேறி, அந்தக் காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போனாங்க. காலரா, காய்ச்சல், பசி. மலைக்குப் போய்ச் சேராமலே அந்தப் பாதையில செத்தவங்களோட கணக்கை யாரும் ஒழுங்கா எழுதி வைக்கலை. போய்ச் சேர்ந்தா உயரமான தேயிலை மலையில மலேரியா கிட்டத்தட்ட கிடையாது. அந்தக் குளிர்ல நுளம்புக்குள்ள கிருமி வளராது. நடுவுல இருக்கிற காட்டைத் தாண்டறதுதான் பாடு.

1945 கடைசியில டி.டி.டி வருது. 1946ல தீவு முழுக்க வீட்டுச் சுவர்ல அடிக்கிறாங்க. இந்த நுளம்பு ரத்தம் குடிச்சுட்டு வீட்டுச் சுவர்ல உக்காந்து இளைப்பாறும். சுவர்ல மருந்து இருந்தா அங்கேயே காலி. 1946ல ஆயிரம் பேருக்கு 20ஆ இருந்த இறப்பு விகிதம் அடுத்த வருஷமே 14 ஆச்சு. ஒரே வருஷத்துல! உலகம் முழுக்க இதை டி.டி.டியோட அற்புதம்னு கொண்டாடினாங்க.

ஆனா சில ஆய்வாளர்கள் கொஞ்சம் நில்லுங்கன்னு சொன்னாங்க. இறப்பு குறைஞ்சது மலேரியா இருந்த மாவட்டத்துல மட்டும் இல்லையே, மலேரியாவே இல்லாத மாவட்டத்துலயும்தானே குறைஞ்சிருக்கு? அப்போ ஆஸ்பத்திரி, போர் முடிஞ்சு கிடைச்ச சாப்பாடு இதுக்கெல்லாம் பங்கு இல்லையா? இதை எப்படிப் பிரிச்சுப் பார்த்தாங்கன்னா, அந்தப் பழைய மண்ணீரல் கணக்கை எடுத்தாங்க. எந்த மாவட்டத்துல மண்ணீரல் வீக்கம் எவ்வளவு, அங்க இறப்பு எவ்வளவு குறைஞ்சதுன்னு ஒப்பிட்டாங்க. நியூமன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் மலேரியா ஒழிப்போட பங்கை பாதிக்குச் சற்றுக் கீழேன்னு மதிப்பிட்டார். 1974ல கிரே அதை நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கினார். வயித்தை அமுக்கிப் பார்த்து எழுதி வெச்ச ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு, பல வருஷம் கழிச்சு இப்படி ஒரு வாதத்துக்குக் கண்ட்ரோல் குரூப் ஆச்சு. டேட்டாவை அழிக்காம வைங்கப்பான்னு ஆபீஸ்ல நான் அடிக்கடி புலம்பறதுக்கு இதை விட நல்ல உதாரணம் இல்லை.

மலேரியா போனதும் இன்னொண்ணு நடந்தது. இதை மருத்துவ வரலாறு எழுதறவங்க ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க. ஆள் வாழ முடியாத காடுன்னு கிடந்த உலர் வலயம் திடீர்னு குடியேறக்கூடிய நிலமா மாறுது. 1930கள்லயே தொடங்கின அரசுக் குடியேற்றத் திட்டங்கள் இப்போ வேகமெடுக்குது. 1949ல கிழக்குல கல்லோயாத் திட்டம். நெரிசலான சிங்களப் பகுதிகள்ல இருந்து பல குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து அங்க நிலம் கொடுத்தாங்க. நிலமில்லாதவனுக்கு நிலம்னு கொழும்பு பார்த்தது. எங்க மாகாணத்து இன விகிதத்தையே மாத்தறாங்கன்னு தமிழ்க் கட்சிகள் பார்த்தாங்க. 1956ல தமிழர்களுக்கு எதிரான கலவரத்துல மிக மோசமான கொலைகள் நடந்தது இந்தக் கல்லோயாப் பக்கத்துலதான். 1957 பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்துல குடியேற்ற அதிகாரம் யாருக்குங்கிறது ஒரு முக்கியமான விஷயம். நுளம்பு நூற்றாண்டுக்கணக்கா காவல் காத்துட்டு இருந்த நிலம் அது. காவல் போனதும் யாருக்குச் சொந்தம்ங்கிற சண்டை வந்துச்சு. டி.டி.டி இனப்பிரச்சினையை உண்டாக்குச்சுன்னு நான் சொல்லலை, அதுக்கு வேற பல வேர்கள் இருக்கு. ஆனா சண்டை நடந்த தரையைத் திறந்துவிட்டதுல அதுக்குப் பங்கு உண்டு.

இப்போ அந்தப் பிரபலமான எண். 1963ல இலங்கை முழுக்க பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, பதினேழே பேர். ஜெயிச்சாச்சுன்னு மருந்து தெளிப்பை நிறுத்தினாங்க, கண்காணிப்பும் தளர்ந்தது. சர்வர் மூணு மாசமா விழலையேன்னு மானிட்டரிங் பட்ஜெட்டை வெட்டற மேனேஜரை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 1969ல எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது.

இணையத்துல ஒரு கதை ஓடுது. ரேச்சல் கார்சன் 'சைலன்ட் ஸ்பிரிங்' எழுதினதால டி.டி.டியைத் தடை பண்ணிட்டாங்க, அதனால இலங்கையில மலேரியா திரும்பிடுச்சுன்னு. வருஷத்தைப் பாருங்க. புத்தகம் 1962. அமெரிக்காவுல தடை வந்தது 1972. இலங்கை நிறுத்தினது நோய் ஒழிஞ்சிருச்சுன்னு நம்பி, செலவை மிச்சம் பிடிக்க. திரும்பப் பரவினதும் அதே டி.டி.டியைத்தான் மறுபடி எடுத்து அடிச்சாங்க. ஆனா நுளம்பு அதுக்குள்ள அதைத் தாங்கப் பழகியிருந்தது. கடைசியில 1970கள்ல மாலத்தியானுக்கு மாறினாங்க.

அந்த 1960கள் கடைசியில வந்த அலையில எலஹெரன்னு ஒரு ஊர் பேர் அடிக்கடி வரும். ரத்தினக்கல் தோண்டற இடம். நாடு முழுக்க இருந்து ஆளுங்க வந்து காட்டுல குழி வெட்டறாங்க, கல் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் குழியை அப்படியே விட்டுட்டுப் போறாங்க. மழை பெய்ஞ்சா ஒவ்வொரு குழியும் தெளிஞ்ச, வெயில் படற, அசையாத தண்ணி. தங்கறது சுவரே இல்லாத கீத்துக் கொட்டகை. சுவர் இல்லைன்னா மருந்தை எங்க அடிக்கிறது? வேலை முடிஞ்சு ஊருக்குப் போறவங்க ரத்தத்துல கிருமியும் கூடப் போகுது.

1977க்கு அப்புறம் துரித மகாவலித் திட்டம். அணைகள் கட்டினாங்க, ஈர வலயத்துலயும் மலைநாட்டுலயும் இருந்து குடும்பங்களைக் கொண்டு வந்து உலர் வலயத்துல இறக்கினாங்க. இது 1934ஐத் திருப்பிப் போட்ட மாதிரி. அப்போ எதிர்ப்பு இல்லாத ஜனங்களைத் தேடி மலேரியா போச்சு. இப்போ அதே ஜனங்களை மலேரியா இருக்கிற இடத்துக்கு லாரியில ஏத்திட்டு வந்தாங்க. அணைக்குக் கீழ ஆத்துல வெள்ளம் நின்னு, பழைய மாதிரி அலசிட்டுப் போக ஆளில்லாம குட்டைகள் தங்கிப்போச்சு. 1987ல நாட்டுல 6 லட்சத்துக்கும் மேல நோயாளிகள்.

அதுக்குள்ள போர் வந்தாச்சு. 1990கள் முடியறப்போ மலேரியா மேப்பையும் போர் மேப்பையும் பிரிச்சுப் பார்க்க முடியாத நிலை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா. இடம்பெயர்ந்து மரத்தடியிலயும் தரப்பாள் கொட்டகையிலயும் படுக்கிற குடும்பம், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி, ரோடு மூடினதால வராத மருந்து. 1999ல நாட்டுக்குள்ளேயே தொத்தினது 2,64,549 பேருக்கு.

2011ல அந்த எண் 124.

இதுல நான் கொஞ்சம் நிறுத்திக்கறேன், ஏன்னா போர் 2009லதான் முடிஞ்சுது. அதாவது இந்தச் சரிவுல பெரும்பகுதி போர் நடந்துட்டு இருந்தப்பவே நடந்திருக்கு. 2008லயே வருஷத்துக்கு ஆயிரம் பேருக்குக் கீழ வந்தாச்சு. புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த இடங்கள்லயும் மருந்து தெளிக்கிற வேலையை ரெண்டு தரப்பும் முழுசா முடக்கலை. அரசு மலேரியாப் பிரிவோட பிராந்திய ஊழியர்கள், தொண்டு நிறுவனங்கள், நடமாடும் மலேரியாக் குழுக்கள், மருந்து தோய்ச்ச வலைகள். வேற எதுலயுமே ஒத்துப்போகாத ரெண்டு நிர்வாகம். உள்ளூர் ஊழியர் ஒருத்தர் முதுகுல தெளிப்பானை மாட்டிட்டு சோதனைச் சாவடி தாண்டிப் போய் ஒரு வீட்டுச் சுவருக்கு மருந்து அடிச்சிருக்கார். அவர் பேரெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

கடைசிக் கட்டத்துல நோயாளிகள்ல நிறைய பேர் காட்டுல பணியில இருந்த ராணுவத்து ஆண்கள், ரத்தினக்கல் குழியில வேலை செஞ்சவங்க. அதனால நுளம்பைத் துரத்தறதோட சேர்த்து, யார் ரத்தத்துல கிருமி இருக்குன்னு ஆளைத் தேடிப் போக ஆரம்பிச்சாங்க. ஒரு நோயாளி கிடைச்சா சுத்தி இருக்கிற எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. உள்நாட்டுல தொத்தின கடைசி நோயாளி 2012 அக்டோபர். 2016 செப்டம்பர் 5 அன்னைக்கு உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சுது.

கூலிசிஃபேசீஸ் நுளம்பு எங்கேயும் போகலை, இன்னைக்கும் அதே குட்டைகள்ல முட்டை போட்டுட்டு இருக்கு. அதுக்குள்ள கிருமி மட்டும் இல்லை. கிருமி வெளியில இருந்து ஆள் மூலமாத்தான் வரணும். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போற வியாபாரிகள், ஐ.நா. பணியில இருந்து திரும்பற சிப்பாய்கள், தமிழ்நாட்டு முகாம்கள்ல இருந்து ஊருக்குத் திரும்பற அகதிகள். 2018 டிசம்பர்ல மொனராகலையில, இந்தியாவுல இருந்து வந்த ஒரு தொழிலாளிகிட்ட இருந்து உள்ளூர்க்காரர் ஒருத்தருக்குத் தொத்திடுச்சு. உடனே பிடிச்சுட்டாங்க, மேல பரவலை.

கடைசியா மன்னார். மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கின அதே 2016ஓட கடைசியில, மன்னார்ல ஆய்வாளர்கள் கண்ணுல ஒரு புது நுளம்பு பட்டது. அனாபிலிஸ் ஸ்டீபென்சி. அதுக்கு முன்னாடி இலங்கையில யாரும் அதைப் பார்த்தது கிடையாது. இது ஆத்துக் குட்டையைத் தேடற ஜாதி இல்லை. கிணறு, தண்ணித் தொட்டி, மொட்டைமாடி டேங்க், இதுதான் அதுக்கு வீடு. சென்னையில மலேரியாவைப் பரப்பறது இதுதான், தமிழ்நாட்டு மலேரியாவுல பெரும்பங்கு பல வருஷமா சென்னைக்குப் போனதும் இதால. 2012ல ஆப்பிரிக்காவுல ஜிபூட்டியில இதைக் கண்டாங்க, அதுக்கப்புறம் அங்க மலேரியா மளமளன்னு ஏறிச்சு.

இவ்வளவு நேரம் நாம பேசின மழைக்கணக்கு, ஈர வலயம், உலர் வலயம், ஆறு பெருகினா இறங்கும், வத்தினா ஏறும், எதுவுமே இந்த நுளம்புக்குப் பொருந்தாது. கொழும்பு அபார்ட்மென்ட் மாடியும் யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணறும் அதுக்கு ஒண்ணுதான். மன்னார்ல பயன்படாத கிணறுகளை மூடினாங்க, பயன்படற கிணத்துல புழுவைத் தின்னற மீனை விட்டாங்க, மருந்து போட்டாங்க. அப்புறமும் அது யாழ்ப்பாணம் பக்கம் போயிடுச்சு.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமார் முப்பது கிலோமீட்டர்தான் கடல்.

அடுத்த எபிசோட்ல கொய்னா எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். நீலகிரியில 1860கள்ல சின்கோனா மரம் நட்ட கதை, நடுவட்டத்துல அந்தத் தோட்டத்துக்காக வேலை வாங்கப்பட்ட சீனக் கைதிகள் கதை. அதுவரைக்கும், மொட்டைமாடி டேங்க்குக்கு மூடி இருக்கான்னு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க.